காணி விற்கும் இணையத்தளத்துக்கு வருகிறவர்கள் உடனே போய்விடுகிறார்கள், என்ன செய்யலாம்?

சொந்த ஊரில் காணி, வீடு விற்றுக் கொடுக்கிறீர்கள், தளத்துக்கு ஆள் வருகிறது, நிற்கவில்லை என்கிறீர்கள். உங்கள் தளத்திலும் முதலில் தானாக ஓடும் பெரிய படமும், அதன்மேல் 'உங்கள் கனவு இல்லம்' என்ற வரியும் இருக்கும் என்று நினைக்கிறேன். என்னுடையதில் இருந்தது.

நான் மட்டக்களப்பில் இதே தொழில் செய்கிறவன். முதல் தளத்தைச் செய்து தந்தவர் விளம்பரங்களைப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டி அப்படியே ஒட்டிவிட்டார். போனில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பை. கூகுளில் தேடினாலும் அகப்படாது. எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாற்றினேன், படங்களின் அளவைக் குறைத்தேன், தொலைபேசி இலக்கத்தை மேலே ஏற்றினேன். இதெல்லாம் யாரும் சொல்வார்கள்.

எனக்குப் புத்தி வந்தது நாவற்குடாப் பக்கம் ஒரு 15 பேர்ச் (பேர்ச் என்பது இங்கே காணி அளக்கும் அலகு) வளவால். படம் ஆவணியில் எடுத்தது. வெள்ளை மணல், இரண்டு தென்னை, பளிச்சென்ற வானம். அதைப் பார்த்துவிட்டு மார்கழியில் திருக்கோவிலிலிருந்து ஒரு அம்மா பஸ் மாறி வந்தார். மகளுக்கு வீடு கட்ட வேண்டுமாம். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தானே, அதனால் காணி தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்ணைப் பெற்றவர்கள். போய்ப் பார்த்தால் வளவுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கிணற்றடி வரை நடந்தார். திரும்பி, "மனே, இந்தத் தண்ணிய ஏன் படத்துல காட்டல்ல?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தாலாவது பரவாயில்லை. அடுத்து, "கோடையில கிணறு உவர்க்குமா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் விசாரித்தோம், ஆடியில் உவர்க்குமாம். பஸ் காசும் ஒரு நாளும் அவருக்கு நட்டம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காணிக்கும் ஆவணிப் படம் ஒன்று, மாரிப் படம் ஒன்று. கிணற்றுத் தண்ணீர் எப்படி, ஒழுங்கைக்குள் மண் லொறி வருமா, பேர்ச் என்ன விலை, எல்லாம் எழுதுகிறேன். 'விலை நேரில்' என்று போடுவதே இல்லை. முக்கியமாக, அறுதி உறுதியா (முழுதாக விற்றுக் கைமாற்றிய பத்திரம்), அரசு தந்த அனுமதிப்பத்திரமா என்பது முதல் வரியில். அரச அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலகத்தின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. லண்டன், கனடாவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இன்னொரு வரி: 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரசைகள் இங்கே காணி வாங்கத் தடை உண்டு, இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை. இந்த ஒரு வரி எனக்கு எத்தனை நள்ளிரவு அழைப்புகளைக் குறைத்தது தெரியுமா!

வெள்ளத்தைப் படம் பிடித்துப் போட்டால் எவன் வாங்குவான் என்று இங்கே ஒருவர் வருவார், தெரியும். இரண்டு காணிக்காரர்கள் கோபித்துக்கொண்டு வேறு தரகரிடம் போனது உண்மை. நான் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. ஆனால் இப்போது அழைக்கிறவர்கள், "வளவை மேடாக்க எத்தனை லோட் மண் போகும்?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அப்படிக் கேட்கிறவர் பொழுதுபோக்குக்கு அழைக்கிறவர் இல்லை.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். தளம் வைத்திருக்கிறீர்கள் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள். எங்கள் குடும்பத்தில் கணினி, ரவுட்டர், பேத்தியின் சூம் வகுப்பு எல்லாம் என் தலையில். போன கிழமை பெரியப்பா ஆட்டோவில் பிரிண்டரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். இன்னும் மேசையில் கிடக்கிறது. மை முடிந்திருக்கிறது, அவ்வளவுதான். அதை அவரிடம் யார் சொல்வது?