வெட்டிச் சேர்த்த குடல் எப்படிப் பிழைக்கும்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 63. பெருங்குடலின் இடது பக்கத்தில் புற்றுநோய்க் கட்டி. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மீதி இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து மூன்று நாள் ஆகிறது. “அனஸ்டமோசிஸ் நன்றாக வந்திருக்கிறது, ஆனாலும் ஒரு வாரம் போகட்டும்” என்கிறார் டாக்டர். அந்த இடத்துக்குப் போகிற முக்கியமான ரத்தக் குழாயையும் வெட்டி எடுத்தார்களாம். ரத்தக் குழாயே இல்லாமல் மீதிக் குடல் எப்படி உயிரோடு இருக்கும்? தையல் பிரிந்துவிடுமா?

பதில்: பயந்து போயிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். குடலைச் சேர்க்கும்போது அறுவை சிகிச்சை நிபுணர் தையலைவிட அதிகமாகக் கவலைப்படுவது இந்த ரத்த ஓட்டத்தைப் பற்றித்தான்.

முதலில் அந்தச் சொல். குழாய் போன்ற இரண்டு உறுப்புகள் ஒன்றுக்குள் ஒன்று திறந்துகொள்ளும் இணைப்புக்கு அனஸ்டமோசிஸ் என்று பெயர். ‘வாய்’ என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வாயோடு வாய் வைத்துச் சேர்ப்பது என்று புரிந்துகொள்ளுங்கள். டாக்டர்கள் கையால் செய்வதும் அதுதான். நாம் பிறக்கும்போதே உடம்பில் இருப்பதும் அதுதான். அப்பாவின் குடலில் இப்போது இரண்டு வகையும் இருக்கின்றன. டாக்டர் போட்ட இணைப்பு பிழைக்க, இயற்கை போட்ட இணைப்பு வேலை செய்தாக வேண்டும்.

இயற்கையான இணைப்பை உங்கள் கையிலேயே பார்க்கலாம். மணிக்கட்டில் நாடி பார்க்கும் இடத்தில், கட்டைவிரல் பக்கமாக ஒரு தமனி ஓடுகிறது. சுண்டுவிரல் பக்கம் இன்னொன்று. கையை இறுக்கி மூடுங்கள். யாரையாவது இரண்டு தமனிகளையும் விரலால் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். இப்போது கையைத் தளர்வாகத் திறந்தால் உள்ளங்கை வெளுத்திருக்கும். சுண்டுவிரல் பக்கத்துத் தமனியை அழுத்தும் விரலை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். சில விநாடிகளில் கட்டைவிரல் நுனி வரை சிவப்பு ஏறிவிடும். கட்டைவிரல் பக்கத்துக் குழாய் இன்னும் அடைபட்டுத்தான் இருக்கிறது! உள்ளங்கைக்குள் இரண்டு தமனிகளும் வளைவாகச் சேர்ந்திருப்பதால் ஒன்றின் ரத்தம் மற்றதன் பகுதிக்கும் போகிறது. 1929-இல் எட்கர் ஆலன் என்ற மருத்துவர் விவரித்த சோதனையிலிருந்து வந்த முறை இது. சிலருக்குச் சிவப்பு மெதுவாக ஏறும். அது நோயல்ல, அந்த வளைவு அவர்களுக்குக் கொஞ்சம் மெலிதாக இருக்கும், அவ்வளவுதான்.

மூளையின் அடியிலும் இப்படி ஒரு வளையம் உண்டு. 1664-இல் அதை விரிவாக எழுதிய ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் பெயரில்தான் இன்றும் அழைக்கிறோம். ஆனால் உடம்பில் எல்லா இடத்திலும் இந்த வசதி கிடையாது. விழித்திரைக்குப் போகும் மையத் தமனிக்கு மாற்று வழி இல்லை. அது அடைத்தால் வலியே இல்லாமல் திடீரென்று பார்வை போய்விடும். இதயத் தமனிகளுக்கு இடையே மெல்லிய இணைப்புகள் இருக்கின்றன. அடைப்பு பல வருடங்களில் மெதுவாக வந்தால் அவை பருத்துக் கைகொடுக்கும். திடீரென்று வந்தால் அதற்கு நேரம் இருப்பதில்லை.

சரி, அப்பாவின் குடலுக்கு வருவோம். பெருங்குடலின் ஓரமாக, அதன் நீளத்துக்கும் ஒரு தமனி கூடவே ஓடுகிறது. மார்ஜினல் ஆர்ட்டரி என்போம். மேலிருந்து வரும் பெரிய தமனியையும் கீழிருந்து வரும் பெரிய தமனியையும் அதுதான் இணைக்கிறது. புற்றுநோய் பரவும் நிணநீர்க் கணுக்கள் பெரிய ரத்தக் குழாயை ஒட்டியே இருப்பதால், அவற்றை முழுதாக எடுக்க அந்தக் குழாயையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கிறது. அப்புறம் மீதிக் குடலுக்கு மேலே இருக்கும் தமனியிலிருந்து இந்த ஓரப்பாதை வழியாக ரத்தம் வந்துவிடும். மண்ணீரலுக்குப் பக்கத்தில் குடல் வளையும் இடத்தில் இந்தப் பாதை சிலருக்கு மெலிந்திருக்கும். அதனால் நம்பிக்கையை மட்டும் வைத்து யாரும் தைப்பதில்லை. வெட்டிய விளிம்பைப் பார்ப்போம். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் கசிய வேண்டும். மங்கலாகவோ கருநீலமாகவோ இருந்தால், நல்ல ரத்தம் வரும் இடம் வரை இன்னும் கொஞ்சம் வெட்டுவோம். இரண்டு முனைகளும் இழுபடாமல் தானாகவே வந்து சந்திக்க வேண்டும். அதற்காகக் குடலை மேல்பக்கத்திலிருந்து விடுவித்து இறக்குவதற்கே சில சமயம் தைப்பதைவிட அதிக நேரம் ஆகும்.

தையல் எதைப் பிடித்துக்கொள்கிறது என்று சொல்லிவிடுகிறேன். குடல் சுவரில் உள்தோலுக்கு அடுத்து ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது. தையலைத் தாங்கும் பலம் அதற்குத்தான் என்று 1887-இலேயே ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் காட்டினார். நூலோ ஸ்டேப்ளரோ, அந்த அடுக்கைப் பிடித்தாக வேண்டும்.

இப்போது ‘ஒரு வாரம்’ ஏன் என்பது. ஆபரேஷன் முடிந்த சில மணி நேரத்திலேயே ஃபைப்ரின் என்ற பசை இணைப்பைச் சுற்றிப் படிந்து மூடத் தொடங்கும். ஆனால் முதல் சில நாட்களில் விளிம்பில் இருக்கும் பழைய கொலாஜன் (திசுவுக்குப் பலம் தரும் புரதம்) கரைகிறது, புதிது இன்னும் போதுமான அளவு உருவாகவில்லை. அந்த நாட்களில் இணைப்பைத் தாங்குவது பெரும்பாலும் நூல்தான். அப்பா இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறார். அதன் பிறகு நாளுக்கு நாள் பலம் கூடும். டாக்டர் உங்களிடம் எதையும் மறைக்கவில்லை; சரியான நாட்களைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

கசிவு ஏற்படலாமா? ஏற்படலாம். பெரும்பாலானவர்களுக்கு ஏற்படுவதில்லை. ஆசனவாய்க்கு மிக அருகில் வரும் இணைப்புகளில் வாய்ப்பு அதிகம். அங்கே சிலருக்குத் தற்காலிகமாக வயிற்றில் மலத் துவாரம் வைப்போம். காய்ச்சலுக்கு முன்பே நாடித்துடிப்பு ஏறி, இறங்காமல் நிற்பதுதான் பல நேரம் முதல் அடையாளம். குறைந்துவந்த வயிற்றுவலி மறுபடி கூடுவது, வயிறு உப்புவது, மூச்சு வாங்குவது, சிறுநீர் குறைவது, நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் குழம்புவது, இவற்றில் எது வந்தாலும் நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். வீட்டுக்குப் போன பிறகு வந்தால், வலி மாத்திரை கொடுத்துப் பார்க்காமல் நேரே மருத்துவமனைக்கு வாருங்கள். சிறிய கசிவை ஆன்டிபயாடிக்காலும், சீழை வெளியே எடுப்பதாலும் சமாளிக்கலாம். பெரியதென்றால் மறுபடி ஆபரேஷன் தேவைப்படும். இரண்டிலும் சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் உயிர் காக்கிறது.

“சாப்பிட்டால் தையல் விட்டுவிடும்” என்று பார்க்க வருகிறவர்கள் சொல்வார்கள். டாக்டர் சாப்பிடச் சொன்னால் தயங்காமல் கொடுங்கள். வெறும் வயிற்றிலும் குடலுக்குள் தினமும் பல லிட்டர் ஜீரண நீர் சுரக்கிறது. பட்டினி இணைப்பைக் காப்பாற்றாது, காயம் ஆறத் தேவையான புரதத்தைத்தான் குறைக்கும். எழுந்து நடக்க வையுங்கள். சர்க்கரை இருந்தால் அளவு கட்டுக்குள் இருக்கட்டும். அப்பா புகைப்பவர் என்றால் இனி ஒன்றுகூடக் கூடாது. அது சிறிய ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், நாம் இத்தனை பாடுபட்டதே அந்தக் குழாய்களுக்காகத்தான். மலச்சிக்கல் என்று நீங்களாக எனிமா மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

முதல் தடவை மலம் போகும்போது கொஞ்சம் கறுத்த ரத்தம் வரலாம், சில வாரங்களுக்கு அடிக்கடி போகவும் வேண்டியிருக்கலாம். ரத்தம் சிவப்பாகவோ நிறையவோ வந்தால் சொல்லுங்கள். நாளை டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது, இணைப்பு ஆசனவாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, நாடித்துடிப்பும் ரத்தத்தில் சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி இருந்தால் கூடும் புரதம்) அளவும் எப்படிப் போகின்றன என்று கேட்டுப் பாருங்கள்.