நித்தம் என்ற சொல்

ஐயா,

ஸ்தோத்திரம். உடன்படிக்கையைக் காக்கிற தேவனைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். என் அண்ணன் பக்கவாதத்தில் படுத்து நான்கு வருடம் ஆகிறது. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அம்மாவுக்குக் கடைசி நேரத்தில் வாக்குக் கொடுத்தேன். முதல் வருடம் ஆசையாகத்தான் செய்தேன். இப்போது அவர் கூப்பிட்டாலே எரிச்சல் வருகிறது. அன்பில்லாமல் செய்வது வேஷம்தானே? தேவனுடைய உண்மையைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரருக்கு,

வேஷம் போட யாராவது பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் படுக்கைப்புண் வரும் என்று ராத்திரியில் எழுந்திருக்கிறீர்களே, அதை யார் பார்க்கிறார்கள்?

என் அப்பா படுக்கையில் கிடந்தபோது ஒருநாள் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே அவரைத் திட்டிவிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். காலையில் மன்னிப்புக் கேட்டேன். "அதான் துணியை மாத்திட்டியே" என்றார், அவ்வளவுதான்.

அன்பு என்றால் மனதில் பொங்குவது என்று நினைத்துப் பழகிவிட்டோம். வேதத்தில் உடன்படிக்கையோடு சேர்ந்து வரும் அன்புக்கு எபிரெயத்தில் ஹெசெட் என்று பெயர். 136-ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று வாசிக்கிறோமே, அந்தக் கிருபைதான் அது. ஒருமுறை பற்றிய கையை விடாத அன்பு.

உன் வீட்டாருக்குத் தயவு செய்வேன் என்று தாவீது தன் நண்பன் யோனத்தானுக்குக் கொடுத்த வாக்கைப் பாருங்கள். யோனத்தான் செத்துப்போனான், வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்க ஆளில்லை. தாவீதே விசாரித்து யோனத்தானின் மகன் மேவிபோசேத்தை அழைத்து வருகிறான். ஐந்து வயதில் தாதி தூக்கிக்கொண்டு ஓடும்போது விழுந்து, இரண்டு காலும் முடமானவன். அவன் ராஜாவின் பந்தியில் நித்தம் சாப்பிட்டான் என்று 2 சாமுவேல் 9-ஆம் அதிகாரம் சொல்கிறது. எனக்கு அந்த "நித்தம்" என்ற சொல்தான் உறுத்தும். ஒருநாள் விருந்து வைக்க யாராலும் முடியும். நித்தம் என்றால், ராஜாவுக்குத் தலைவலி இருந்த நாளிலும் அவனுக்கு அங்கே இடம் இருந்திருக்க வேண்டும். அப்புறம் அந்த அதிகாரத்தின் கடைசி வரி: அவனுக்கு இரண்டு காலும் முடமாயிருந்தது. அவன் எழுந்து நடந்ததாக எங்கேயும் இல்லை.

தாவீதும் ஒழுங்காகச் செய்து முடித்தான் என்று சொல்ல முடியாது. மேவிபோசேத்தின் வேலைக்காரன் சீபா வந்து அவனைப் பற்றிக் கோள் சொன்னதும், ஒரு வார்த்தை விசாரிக்காமல் மேவிபோசேத்தின் சொத்து முழுவதையும் சீபாவுக்குக் கொடுத்துவிட்டான். பிறகு உண்மையைக் கேட்ட பின்னும் "நிலத்தைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்" என்றான். எனக்கு அது நியாயமாகவே படவில்லை. ஆனாலும் யோனத்தானின் அப்பா சவுல் தங்கள் ஜனத்தைக் கொன்றதற்குப் பழியாகக் கிபியோனியர் அவன் வம்சத்தில் ஏழு பேரைக் கேட்டபோது, யோனத்தானுக்கு இட்ட ஆணைக்காக மேவிபோசேத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

தகுதியைப் பற்றிக் கேட்டீர்கள். ஆதியாகமம் 15-இல் தேவன் ஆபிராமோடு உடன்படிக்கை பண்ணுகிறார். மிருகங்களை வெட்டி எதிரெதிராக வைத்தபின் ஆபிராம் செய்தது என்ன? இறங்கிய பறவைகளைத் துரத்தினான். பிறகு அயர்ந்து தூங்கிவிட்டான். உடன்படிக்கை பண்ணுகிறவர்கள் அந்தத் துண்டங்களின் நடுவே நடப்பது அந்தக் கால வழக்கம்; எரேமியா 34-இலும் அது வருகிறது. இங்கே நடுவே கடந்துபோனது தேவனுக்கு அடையாளமான புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் மட்டும். ஆபிராமை நடக்கச் சொல்லவே இல்லை. நீங்கள் அண்ணனைப் பார்த்துக்கொள்வதை வைத்துத்தான் தேவனுடைய உடன்படிக்கை நிற்கிறது என்றால், எரிச்சல்பட்ட முதல் நாளே அது முறிந்திருக்கும். உங்களுக்கு இருப்பது பறவை துரத்துகிற வேலை. அலுப்பான வேலைதான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஒன்று கேட்கிறேன். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அம்மாவிடம் சொன்னீர்கள், சரி. "நான் ஒருவனே" என்று சொன்னீர்களா? நான்கு வருடம் தூக்கம் கெட்டால் யாருக்கும் எரிச்சல் வரும், அதைப் போய் ஆவிக்குரிய வீழ்ச்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சபையில் "ஜெபிக்கிறோம் பிரதர்" என்று சொல்கிறவர்களில் ஒருவரிடம், வாரத்தில் ஒரு ராத்திரி வந்து படுக்க முடியுமா என்று கேளுங்கள். அண்ணனைப் புரட்டுவது எப்படி என்று பக்கத்தில் நின்று ஒருமுறை காட்டிக்கொடுங்கள். எந்தக் கிழமை கிடைத்தது என்று எழுதுங்கள்.