பதில்: டிம்மர் பெட்டியில் இரண்டு சிவப்பு, ஒரு கறுப்பு ஒயர்

பல்பின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் புது டிம்மரில் இரண்டு முனைதான், சுவரிலோ மூன்று ஒயர். பழையதில் எது எங்கே இருந்தது என்று பார்க்காமல் கழற்றிவிட்டு, இப்போது எதை எங்கே மாட்டுவது என்று கேட்கிறீர்கள். கறுப்பு என்றதும் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம் ஊரில் கையில் மிச்சம் இருந்த ஒயரையே பல்புக்கு இழுத்துவிடுவார்கள். ஆனால் அது நிஜமாகவே நியூட்ரலாக இருந்து டிம்மரில் மாட்டினால் ஷார்ட் ஆகிவிடும்.

மெயினை அணைத்து, மூன்றையும் தனித்தனியே விலக்கி வையுங்கள். பிறகு மெயினைப் போட்டு, மல்டிமீட்டரில் எர்த்துக்கும் ஒவ்வொரு ஒயருக்கும் இடையே பாருங்கள். 230 வோல்ட் அளவில் காட்டுவது பேஸ், அதாவது கரண்டை உள்ளே கொண்டுவரும் ஒயர். டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம், பக்கத்து ஒயரின் தூண்டலிலும் அது லேசாக எரியும். இப்போது பக்கத்து சுவிட்ச் வேலை செய்யவில்லை என்றால், மற்றச் சிவப்பு லூப்தான், அதாவது இங்கிருந்து அந்தச் சுவிட்சுக்கு பேஸைக் கொண்டுபோகும் ஒயர்.

மறுபடி மெயினை அணையுங்கள். பல்பைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரைத் தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில் வைத்து, கறுப்புக்கும் ஹோல்டர் முனைகளுக்கும் தொடர்பு பாருங்கள். ஹோல்டரோடு பீப் அடித்து, பிளக் பாயிண்டின் நியூட்ரல் துளையோடு அடிக்காவிட்டால் அது பல்பு ஒயர். அப்படியானால் சிவப்பு இரண்டும் ஒரு முனையில், கறுப்பு மற்றதில். நியூட்ரலோடும் அடித்தால் எதையும் மாட்டாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், எல்இடி பல்பு என்றால் டிம்மருக்கு ஏற்றது என்று அட்டையில் போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்சிமிட்டும். ஃபேன் ரெகுலேட்டரைப் போட்டுச் சமாளிக்கவும் பார்க்காதீர்கள்.