சொந்தத் தோட்டத்துத் திராட்சைதானே, ஒயின் போடக் கூடாதா?

கேள்வி: சுருளிப்பட்டியில் எங்களுக்கு 3 ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. அப்பா, சித்தப்பா இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டா. போன அறுவடையில் மழையில் பழம் வெடித்துவிட்டதென்று வியாபாரி பாதியைக் கழித்துவிட்டார். அந்தப் பழத்தை 50 லிட்டர் டிரம்மில் ஊறவைத்திருக்கிறேன். இதையே தொழிலாக்கி, பாட்டிலில் அடைத்துத் தோட்டத்திலேயே விற்க ஆசை. என்ன அனுமதி வாங்க வேண்டும்?

பதில்: டிரம்மின் படத்தையும் அனுப்பியிருக்கிறீர்கள். வாயில் கட்டிய வேட்டித் துணி நுரையில் நனைந்து நீலம் பாரித்திருக்கிறது. பார்த்ததும் பதறிவிட்டேன், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சாறு புளித்து ஆல்கஹால் உண்டான பிறகு அது 1937ஆம் ஆண்டு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின்படி மது. கள், சாராயத்தோடு ஒயினும் அந்த வரையறைக்குள் வருகிறது. வீட்டுக்குத்தான், கிறிஸ்துமஸுக்குத்தான் என்று சொன்னாலும் விலக்கு கிடையாது. உரிமம் இல்லாமல் தயாரிப்பது, வைத்திருப்பது, அதற்கான பாத்திரங்களை வைத்திருப்பது எல்லாமே குற்றம். தெரிந்தே இடம் கொடுத்தவரும் மாட்டுவார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அத்தனை உயிர்கள் போன பிறகு தண்டனைகளையும் கடுமையாக்கிவிட்டார்கள். ஊறலை இன்றே நிறுத்துங்கள். சொந்தக்காரர்களுக்கு ஒரு பாட்டில்கூடக் கொடுக்காதீர்கள்.

ஒயின் தயாரிக்க உரிமம் வேண்டுமென்றால் சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள மதுவிலக்கு ஆயத்தீர்வை ஆணையர் அலுவலகத்தை அணுக வேண்டும். ஆனால் எனக்கு உரிமை உண்டு என்று வாதாட முடியாது. மது வியாபாரம் அடிப்படை உரிமை ஆகாது என்று கோடே டிஸ்டிலரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உரிமமே கிடைத்தாலும் பந்தலடியில் மேசை போட்டு விற்க வழியில்லை. இங்கே மொத்த விற்பனை டாஸ்மாக் கையில்.

குமுளியைத் தாண்டினால் சிறு ஒயின் ஆலைக்கு அனுமதி உண்டாமே என்று கம்பம் பக்கத்தில் பலர் கேட்கிறார்கள். 2022இல் கேரளம் விதிகள் கொண்டுவந்தது உண்மைதான். அவை கேரளத்தில் விளைந்த பழங்களுக்கானவை. உங்கள் திராட்சைக்கு உதவாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், உரிமம் பெற்ற ஒயின் ஆலைக்குப் பழம் கொடுக்க ஒப்பந்தம் போடுவேன். ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்றே தமிழ்நாடு 2019இல் சட்டம் இயற்றியிருக்கிறது. விலையை அறுவடைக்கு முன்பே எழுத்தில் முடிவு செய்யுங்கள். பழத்தின் இனிப்பை, அதாவது பிரிக்ஸை, யார் அளப்பது, தோட்டத்திலா ஆலை வாசலிலா என்பதையும் எழுதுங்கள். மழையில் வெடித்த பழத்தை என்ன விலைக்கு எடுப்பார்கள் என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். உங்களைக் கவிழ்த்ததே அதுதானே.

ஜூஸ், ஸ்குவாஷ் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவோ உரிமமோ போதும். வினிகர் போடலாமே என்று யாராவது யோசனை சொன்னால் அவசரப்படாதீர்கள். அதுவும் ஆல்கஹால் ஆகித்தான் வினிகராக மாறும்.

எந்த வழியில் போனாலும் நிலப் பத்திரம் சரியாக இருக்க வேண்டும். கூட்டுப் பட்டா நிலத்தில் ஒருவர் மட்டும் போட்ட கொட்டகைக்காக அண்ணன் தம்பி பத்து வருடம் கோர்ட்டுக்கு நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். பாகப்பிரிவினை செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் இருவரும் கையெழுத்திட்ட குத்தகைப் பத்திரம் எழுதுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். டிரம் விஷயத்தைச் சித்தப்பாவிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். அது அவர் நிலத்திலும்தான் இருந்திருக்கிறது.