ஒரே மாத்திரை ஒருவருக்குக் கேட்கிறது, இன்னொருவருக்கு ஆபத்தாகிறது. இதற்கு மரபணுதான் காரணமா?

பல மருந்துகளில் ஆமாம். எங்கள் வீட்டில் இது தெரியவந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தம்பிக்குக் குடல்வால் ஆபரேஷன். சின்ன வேலை, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றார்கள். இரண்டு மணி நேரம் கழித்து மயக்க மருத்துவர் வெளியே வந்தார். "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ஆனா அவரால இன்னும் தானா மூச்சு விட முடியல, மெஷின்ல வச்சிருக்கோம். உங்க குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்தால பிரச்சினை வந்திருக்கா?" என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க அண்ணனுக்குக் கால் ஆபரேஷன் பண்ணப்ப ராத்திரி வரைக்கும் கண்ணே திறக்கல" என்றார். மாமா அன்று எப்படித் தூங்கினார் என்று வீட்டில் எல்லோரும் சிரித்துச் சிரித்துப் பேசிய கதை அது. அது டாக்டரிடம் சொல்ல வேண்டிய தகவல் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

மூச்சுக்குழாய் பொருத்துவதற்காகத் தசைகளைத் தளர்த்த சக்ஸாமெத்தோனியம் என்றொரு ஊசி போடுவார்கள். ரத்தத்தில் இருக்கும் ஒரு நொதி (என்சைம்) அதைச் சட்டென்று உடைத்துவிடுவதால் சில நிமிடங்களிலேயே அதன் வேலை முடிந்துவிடும். அந்த நொதிக்கான மரபணு தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக வருகிறது. இரண்டுமே பழுதாக இருந்தால் மருந்து உடைய மணிக்கணக்காகும். தம்பிக்கு ஐந்து மணி நேரம் ஆனது. அதுவரை அவனைத் தூக்கத்திலேயே வைத்திருந்தார்கள். நினைவு திரும்பியும் இமைகூட அசைக்க முடியாமல் கிடப்பது எவ்வளவு கொடுமை என்று அந்த மருத்துவர் பிறகு விளக்கியபோதுதான் அவர் செய்ததன் அருமை எனக்குப் புரிந்தது. பிற்பாடு ரத்தப் பரிசோதனை செய்ததில் எனக்கு ஒரு பிரதி மட்டும் பழுது என்று வந்தது. அப்படிப்பட்டவர்களுக்குப் பொதுவாகப் பெரிய சிக்கல் வராது.

சரி, மற்ற மருந்துகளுக்கு வருவோம். கோடீன் என்ற வலி மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போய்க் கல்லீரலில் மார்ஃபினாக மாறினால்தான் அது வலியைக் குறைக்கும். மாற்றித்தரும் நொதியின் பெயர் சிஒய்பி2டி6. சிலருக்கு அது வேலையே செய்யாது, மாத்திரை போட்டும் வலி அப்படியே இருக்கும். வேறு சிலருக்கு மிக வேகமாக வேலை செய்யும், வழக்கமான அளவிலேயே மார்ஃபின் அதிகமாகி மூச்சு தடைபடும். டான்சில் அறுவைக்குப் பின் கோடீன் கொடுக்கப்பட்ட குழந்தைகள் இறந்ததையடுத்து, 2013இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கடும் எச்சரிக்கை விட்டது. 2017இல் 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்றது. "வலி தாங்கமாட்டேங்கிறான்" என்று யாரையாவது குறை சொல்லும் முன் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் குளோபிடோக்ரெலும் உடலுக்குள் மாறிய பிறகுதான் வேலை செய்யும். அதை மாற்றும் நொதி மந்தமாக இருந்தால், மாத்திரையைத் தவறாமல் போட்டாலும் ரத்தம் உறையலாம். ஆசியர்களிடம் இந்தக் குறை அதிகம்.

என்னை மிகவும் பயமுறுத்துவது கார்பமாசெபைன். வலிப்புக்கும் முகநரம்பு வலிக்கும் தரும் மருந்து. அரிதாகச் சிலருக்கு இதனால் தோல் தீப்பட்டது போல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும். 2004இல் தைவானில் அப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரைப் பரிசோதித்தார்கள். 44 பேரிடமும் எச்எல்ஏ-பி 15:02 என்ற ஒரே மரபணு வகை இருந்தது. மாத்திரையைத் தொடங்கும் முன்பே ஒரு ரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். ஆசிய வம்சாவளியினருக்கு இது முக்கியம். ஆனால் 'அந்த வகை இல்லை' என்று முடிவு வந்தாலும், புது மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சலோடு தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அதற்காக எல்லாப் பழியையும் மரபணுமேல் போட முடியாது. வயது, சிறுநீரகம், கல்லீரல், கூடவே சாப்பிடும் மற்ற மாத்திரைகள் எல்லாம் சேர்ந்துதான் முடிவாகிறது. மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளூவோக்செடின் மேலே சொன்ன சிஒய்பி2டி6 நொதியை முடக்கிவிடும். பரிசோதனைத் தாளில் 'இயல்பு' என்று இருப்பவரும் அதைச் சாப்பிடும் காலத்தில் நொதி இல்லாதவர்போல ஆகிவிடலாம். அதனால் இணையத்தில் வாங்கிய மரபணு அறிக்கையை வைத்துக்கொண்டு நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். ஸ்டென்ட் வைத்தவரோ வலிப்பு உள்ளவரோ திடீரென்று நிறுத்தினால் அதுவே பெரிய ஆபத்து. அறிக்கையை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

"அலர்ஜி ஏதாவது இருக்கா?" என்று டாக்டர் கேட்கும்போது உங்களைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்களுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, என்ன ஆனது, எத்தனை நாளில் ஆனது என்று சொல்லுங்கள். மருந்தின் வணிகப் பெயர் போதாது, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி வீடு திரும்பியதும் அம்மா மாமாவுக்கு போன் செய்தார். "ஆமா, எனக்கும் அப்போ ஏதோ லெட்டர் கொடுத்தாங்க. எங்க வச்சேன்னு தெரியல" என்றார் மாமா. அந்த ஊசி ஒத்துக்கொள்ளாது என்று தம்பிக்கு ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த கடிதத்தை நான்கு பிரதி எடுத்தோம். ஒன்று அவன் பர்ஸில், ஒன்று அவன் மனைவியிடம், ஒன்று என்னிடம் இருக்கிறது. நான்காவதை மாமாவுக்கு அனுப்பினோம்.