ஆசைப்பட்ட வேலை ஒன்று, பார்க்கிற வேலை வேறு: அந்த ஏக்கத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நான் வானியல் ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்பட்டவன். பதினெட்டு வருடமாகப் பார்ப்பது கணக்குத் தணிக்கை. ஆய்வுப் படிப்புக்கு இடம் கிடைத்த அதே வருடம் அப்பா படுத்த படுக்கையானார். சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. முடிவை எடுத்தது நான்தான், இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் எடுப்பேன். ஆனால் எடுத்த முடிவு சரியாக இருந்தாலும் வலிக்கத்தான் செய்யும் என்பது அப்போது தெரியாது.

முதல் ஏழெட்டு வருடம் வானத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை. மறந்துவிட்டால் ஆறிவிடும் என்று சொன்னார்கள், நம்பினேன். ஆறவில்லை. கூடப் படித்தவனின் ஆய்வுக் கட்டுரை வெளியானபோது மனதார வாழ்த்திவிட்டு, இரவு முழுக்கத் தூங்காமல் கிடந்தேன். அடுத்த நாள் அலுவலகத்தில் ஒரு சின்னப் பிழைக்காக ஜூனியர் பையனிடம் எரிந்து விழுந்தேன். அவன் முகம் சுருங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் ஒருநாள் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்ற நியூசிலாந்துக்காரரைப் பற்றிப் படித்தேன். மாவு ஆலையிலும் கார் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர். ஒளி கூடிக் குறையும் மாறு விண்மீன்களை வாழ்நாளில் 5 லட்சம் தடவைக்கு மேல் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார். 1987இல் வானில் தென்பட்ட புகழ்பெற்ற சூப்பர்நோவாவை (வெடித்துச் சிதறும் விண்மீன்) முதலில் கண்டவர்களில் அவரும் ஒருவர். அதைப் படித்த பிறகுதான் என் ஆசைக்குள் இரண்டு ஆசைகள் பின்னிக் கிடந்தது புரிந்தது. ஒன்று, ஆராய்ச்சியாளர் என்ற பதவி. இன்னொன்று, வானத்தைப் பார்த்து அளக்கும் வேலை. பதவி போய்விட்டது, திரும்பி வராது. அந்தப் பழைய சேர்க்கைக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதற்காக ஒருமுறை நன்றாக அழுதேன். ஆனால் அந்த வேலையைச் செய்யக் கூடாது என்று என்னை யாரும் தடுக்கவில்லையே!

ஒரு பைனாகுலர் வாங்கினேன். அல்கோல் என்ற விண்மீனில் ஆரம்பித்தேன். வழக்கமாக அதன் ஒளியளவு 2.1. 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை, மங்கலான துணை விண்மீன் குறுக்கே வர, ஐந்து மணி நேரத்தில் 3.4க்கு இறங்கி, அடுத்த ஐந்து மணி நேரத்தில் பழையபடி ஏறிவிடும் (எண் கூடினால் வெளிச்சம் குறைவு). அளப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். பக்கத்தில் 2.1, 2.9 என்று ஒளியளவு தெரிந்த விண்மீன்கள் இருக்கின்றன. அல்கோல் இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று கண்ணால் மதிப்பிட வேண்டும். சரிபாதி என்று தோன்றினால் 2.5. நேரத்தோடு நோட்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான். இந்நேரத்துக்கு இவ்வளவு இறங்கியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும் என்பதால், அந்த எண்ணையே எழுதிவிடக் கை துடிக்கும். அங்கேதான் என் தொழில் கைகொடுத்தது. இருக்க வேண்டிய எண்ணை விட்டுவிட்டு இருக்கிற எண்ணை எழுதுவதைத்தானே தணிக்கையில் இத்தனை வருடம் பழகியிருக்கிறேன்! அன்றிலிருந்து அலுவலக வேலை மீதிருந்த வெறுப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

என் பதிவுகளை ஏஏவிஎஸ்ஓ அமைப்புக்கு அனுப்புகிறேன். மாறு விண்மீன்களைப் பார்ப்பவர்களுக்காக அமெரிக்காவில் 1911இல் தொடங்கப்பட்டது, எந்த நாட்டுக்காரரும் அனுப்பலாம். ஒரே விண்மீனை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கப் பெரிய தொலைநோக்கிகளுக்கு நேரம் இருக்காது. அதனால் இந்தப் பதிவுகள் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. ஏக்கம் தணிந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். எனக்கு நானே பொழுதுபோக்காகச் செய்திருந்தால் இவ்வளவு தெம்பு வந்திருக்காது.

வாரத்தில் இரண்டு இரவு, ஒரு மணி நேரம். வருடக் கடைசிக் கணக்கு முடிக்கும் நாட்களில் அதுவும் கிடையாது, அதற்காக வருந்துவதும் இல்லை. வேலையை உதறிவிட்டுக் கனவைத் துரத்து என்று சொல்பவர்கள், நம்மை நம்பி வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்பதே இல்லை. அந்த அறிவுரையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எல்லாத் துறைக்கும் இது பொருந்தாதுதான். அறுவை மருத்துவராக ஆசைப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அறுவை சிகிச்சை செய்ய முடியாது. அவர் இன்னும் தோண்டிப் பார்க்க வேண்டும்: தன்னை இழுத்தது கைநுட்பமா, உடலைப் பற்றிய வியப்பா, வலியில் இருப்பவர் பக்கத்தில் நிற்பதா? அந்தக் கடைசி ஒன்று என்றால் அதற்குப் பட்டம் தேவையில்லை.

ஏக்கம் முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். 2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் படங்கள் வெளியானபோது, அந்தப் படங்களைவிட அதற்காக உழைத்த குழுவினரின் முகங்களைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்டை அடைத்தது. அன்றிரவு பைனாகுலரோடு மாடிக்குப் போனேன். வானம் மூடியிருந்தது. நோட்டைத் திறந்து தேதியும் நேரமும் போட்டு, 'மேகம்' என்று எழுதிவிட்டு இறங்கி வந்தேன்.