முன்பின் தெரியாதவரிடம் பழைய கேமரா வாங்கலாமா?

காரைக்குடி பக்கத்துக் கானாடுகாத்தானின் செட்டிநாட்டு வீடுகளைப் படமெடுக்க, இணைய விளம்பரத்தில் பார்த்த பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவை நம்பி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் கையில் வாங்கிப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். "ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிவிட்டது, முன்பணம் போடுங்கள், கூரியரில் அனுப்புகிறேன்" என்பவரோடு பேச்சையே வளர்க்க வேண்டாம்.

விற்பவரைப் பகலில், காரைக்குடி பேருந்து நிலையம் போல ஆள் நடமாட்டமுள்ள இடத்துக்கு வரச் சொல்லுங்கள். முதலில் லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி இழைபோல வெண்மையாகப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. மேலே துடைத்தால் போகாது. நாளடைவில் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்த லென்ஸ் வேண்டவே வேண்டாம்.

பிறகு லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி எஃப் 16 அளவில் வைத்து வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பெரிதாக்குங்கள். படத்தைப் பதிவு செய்யும் சென்சாரில் தூசி இருந்தால் கரும்புள்ளியாகத் தெரியும். தூசியைச் சுத்தம் செய்துகொள்ளலாம், கீறல்தான் தீராத தொல்லை. உள்கட்டு அறைகளில் வெளிச்சம் குறைவு என்பதால் ஒளியுணர்திறனைக் கூட்டி, ஐ.எஸ்.ஓ. 3200-லும் எடுத்துப் பாருங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். கல்யாண வேலைக்குப் போன கேமராவில் அது எக்கச்சக்கமாக இருக்கும். பில்லில் உள்ள வரிசை எண், கேமராவின் அடியில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். ஏற்கெனவே பணம் அனுப்பி ஏமாந்திருந்தால், தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.